மிச்சமான படுக்கை நாட்கள் யார் கணக்கில்?

பித்தப்பையை எடுத்தால் எத்தனை நாள் மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டும்? ஒரு தலைமுறைக்குள் இந்தக் கேள்விக்கான பதில் அடியோடு மாறிவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். சிகிச்சைக்குப் பிறகு அவர்கள் ஏறத்தாழ எட்டு நாட்கள் அங்கேயே தங்கியிருந்தார்கள். இன்றைக்கு அதே பித்தப்பையைத் துளை போட்டு எடுத்தால், பெரும்பாலும் மறுநாளே 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹேவும் 1987இல் பிரான்ஸில் ஃபிலிப் மூரேயும் வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் பித்தப்பையை எடுத்துக் காட்டினார்கள். 1990இல் மும்பையில் டெஹெம்டன் உத்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். கோவையில் சி. பழனிவேலு லேப்ராஸ்கோபியைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தார். அறுவை சிகிச்சை முடிந்தவரைப் பட்டினி போட்டுப் படுக்கவைப்பதைவிட, வலியை அடக்கி, சீக்கிரமே சாப்பிடவும் நடக்கவும் வைத்தால் அவர் வேகமாகத் தேறுவார் என்பதை 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் நிறுவினார். மருத்துவமனையில் தொற்றிக்கொள்ளும் நோய்களுக்கு வாய்ப்புக் குறைந்தது. படுக்கைகள் அடுத்தவருக்குச் சீக்கிரம் கிடைத்தன.

ஆனால் தேறுவதற்கு உடல் எடுத்துக்கொள்ளும் காலம் இந்த அளவுக்குச் சுருங்கிவிடவில்லை. எட்டு நாள் ஒரு நாளானபோது மீதி நாட்களின் வேலை காணாமல் போகவில்லை, இடம்தான் மாறியது. மூன்று ஷிப்ட்டில் மூன்று செவிலியர்கள் சம்பளத்துக்குச் செய்த வேலையில் பெரும்பங்கு, ஷிப்ட்டும் சம்பளமும் இல்லாத ஒருவர் கைக்குப் போனது. அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி, அம்மா, மகள் அல்லது மருமகள். மருத்துவமனை மிச்சம் பிடித்த நாட்களை வீட்டுப் பெண்களின் கணக்கில் பற்று எழுதிவிட்டோம். அந்தக் கணக்கை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. தேறியவர் 'அவள் இல்லாவிட்டால் நான் இல்லை' என்று நெகிழ்ந்து சொல்வதோடு கணக்கு முடிந்ததாக வைத்துக்கொள்கிறோம்.

கட்டிலிலிருந்து பார்த்த வீடு

அண்மையில் எனக்கும் பித்தப்பையை எடுத்தார்கள். துளை வழியாகத் தொடங்கிய சிகிச்சையை, உள்ளே எல்லாம் ஒட்டிக்கிடந்ததால் வயிற்றைத் திறந்து முடிக்க வேண்டியிருந்தது. நோயாளியின் பாதுகாப்பு கருதி இப்படி நடுவில் முறையை மாற்றுவது அவ்வப்போது நடப்பதுதான். சீக்கிரமே அலுவலகம் போய்விடலாம் என்று நினைத்திருந்த நான், பல வாரங்கள் வீட்டிலிருக்கும்படி ஆனது. காலையில் கிளம்பி இருட்டியபின் திரும்பும் ஆண்கள், வேலை நாளின் வீட்டை முழுதாகப் பார்க்க இப்படி ஏதாவது நேர்ந்தால்தான் உண்டு.

ஹாலில் போட்ட கட்டிலில் படுத்திருந்தால், வீடு எப்படி ஓடுகிறது என்பது காதுக்கே தெரிகிறது. விடிவதற்கு முன் மோட்டார் சத்தம். மேலே தொட்டி நிரம்பி வழிவதற்குள் அதை நிறுத்த ஓடும் கால்கள். பால் பாக்கெட், குக்கர் விசில், டிபன் பாக்ஸ், பள்ளி வேனின் ஹாரன். பாட்டுப் போட்டுக்கொண்டு குப்பை வண்டி வந்தால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் படியிறங்க வேண்டும். கீரை வாங்கி ஆய வேண்டும், மாவு அரைக்க வேண்டும், சிலிண்டர் போடுகிறவருக்குச் சில்லறை எடுத்துவைக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் எனக்குச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, பின் இரண்டு மாத்திரை. "மாத்திரை போட்டீங்களா?" என்று அடுப்படியிலிருந்து வரும் குரல் ஒரு வேளையும் தவறவில்லை. அந்தக் குரலுக்கு உரியவர் எப்போது சாப்பிட்டார் என்பது மட்டும் கட்டிலிலிருந்து தெரியவில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர், வேளை, அடுத்து வர வேண்டிய தேதி எல்லாம் இருந்தன. ஓய்வு எடுக்கவும் என்ற அறிவுரையும் இருந்தது. அந்த ஓய்வை உண்டாக்க இன்னொருவர் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் இடமில்லை. வயிற்றில் தையல் உள்ளவரால் சட்டென்று நேராக எழுந்து உட்கார முடியாது. ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். முதலில் தோளைத் தாங்க ஒரு கை வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். அந்தத் தலையணை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நுரையீரலில் சளி தேங்காமலிருக்க, மூன்று பந்துகள் உள்ள கருவியில் மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே எழுப்ப வேண்டும். வலிக்குப் பயந்து நோயாளி அதில் ஏமாற்றப் பார்ப்பார் என்பதால், பக்கத்தில் ஒருவர் நின்று எண்ண வேண்டும்.

இன்னும் இருக்கிறது. வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலைக் கொண்டுவரும். அதற்கேற்பச் சாப்பாட்டை மாற்ற வேண்டும். 'காற்று பிரிந்ததா, மோஷன் போனதா' என்று நாலு பேர் முன்னால் யாரும் கேட்கக் கூசும் கேள்விகளைக் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். குடல் மறுபடி இயங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்பதால் மருத்துவர் முதலில் விசாரிப்பதே அதைத்தான். காய்ச்சல் அடிக்கிறதா, தையலைச் சுற்றிச் சிவந்து சுடுகிறதா, கண் மஞ்சளாகத் தெரிகிறதா, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது ரத்தக்கட்டியின் அறிகுறி. அது நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. இவ்வளவு பொறுப்பையும் எந்தப் பயிற்சியும் பெறாத ஒருவர், அரைத் தூக்கத்தில், வீட்டு வேலைகளுக்கு நடுவே சுமக்கிறார்.

இது என் வீட்டின் தனிக் கதை இல்லை என்பதற்குப் புள்ளிவிவரம் இருக்கிறது. 2024இல் நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் குடும்பத்தாரைப் பராமரிக்கும் வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம் பேர். அந்த வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்கு 140 நிமிடம் கொடுக்கிறார்கள். ஈடுபடும் ஆண்கள் கொடுப்பது 74 நிமிடம். சமையல், துவைத்தல், பெருக்குதல் போன்ற சம்பளமில்லா வீட்டு வேலைகளுக்குப் பெண்கள் செலவிடும் 305 நிமிடம் இதில் சேராது. இவையெல்லாம் சாதாரண நாட்களின் சராசரி. தையல் போட்ட வயிற்றோடு ஒருவர் படுத்திருக்கும் வீட்டில் இந்த எண்கள் எங்கே போய் நிற்கும் என்பதை யாரும் அளந்து சொல்லத் தேவையில்லை.

அன்பு இருக்கிறது, சொல்லிக்கொடுப்பார் இல்லை

நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ஆப்பிள், ரஸ்க் என்று யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. அந்த அன்பை எந்த நாட்டு மருத்துவமனையாலும் தர முடியாது. ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் காபி போட்டாக வேண்டும். போட வேண்டியவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிலர் ஆறுதல் சொல்ல ஆரம்பித்து, இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒன்றுவிட்ட மாமா எப்படி இறந்துபோனார் என்பதில் கொண்டுபோய் முடிப்பார்கள். எனக்கு மிகவும் உதவியவர்கள் உட்காரக்கூட இல்லை. எதிர்வீட்டு அம்மா ரசமும் பொரியலும் கொடுத்துவிட்டு வாசலோடு போய்விடுவார். தன் பிள்ளையோடு எங்கள் பிள்ளையையும் டியூஷனுக்குக் கூட்டிப்போனார் ஒருவர். "அண்ணே, தெருமுனை வரைக்கும் போய்ட்டு வருவோமா?" என்று சாயங்காலம் வந்து நிற்பார் பக்கத்து வீட்டுத் தம்பி. மூவரும் வீட்டில் ஒரு வேலையைக் குறைத்தார்கள், புதிதாக ஒன்றைக் கூட்டவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் அன்பே சில நேரம் எதிராகத் திரும்புகிறது. பருப்பையும் முட்டையையும் மீனையும் கண்ணில் காட்டாதே, புண் சீழ் வைக்கும் என்ற நம்பிக்கை இன்றும் பல வீடுகளில் சட்டம். ஆனால் கிழிந்த தசையும் தோலும் மறுபடி கூடுவதற்கு உடல் கேட்பது புரதத்தைத்தான். பருப்பும் முட்டையும் மீனும் தருவது அதைத்தான். சீழ் வைப்பதற்குக் காரணம் கிருமித் தொற்று. கஞ்சியும் ரசஞ்சாதமும் மட்டுமே கொடுத்து வாரக்கணக்கில் ஒருவரைப் படுக்கவைத்தால் புண் ஆறத் தாமதமாகும். அதற்காகப் பத்தியமே வீண் என்று தள்ளிவிடவும் வேண்டாம். பித்தப்பை போனபின் பித்தநீர் சேமித்துவைக்கப்படாமல் நேராகக் குடலுக்குப் போகிறது. தொடக்கத்தில் எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எண்ணெயைக் குறைக்கச் சொன்ன பெரியவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

'அசையாமல் படு' என்பதும் அப்படித்தான். பாசத்தில் சொல்வது, ஆனால் பல சிகிச்சைகளுக்குப் பின் அது ஆபத்து. அசையாத காலில் ரத்தம் உறையும், அசையாத நெஞ்சில் சளி சேரும், அசையாத குடல் மந்தமாகும். கட்டிலை உள்ளறையின் இருட்டில் போடுவதற்குப் பதிலாக சன்னலோரம் போட்டாலே பாதிப் படுக்கை மனநிலை போய்விடும். முதலில் சொன்ன உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வின் மையமே சன்னல்தான். அந்த மருத்துவமனையில் சிலருக்கு சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மற்றவர்களுக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்துகளைக் குறைவாகக் கேட்டார்கள். நம் நகரத்து அடுக்ககங்களில் பல சன்னல்கள் பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் பார்க்கின்றன. அப்படியானால் பால்கனிக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிப்போடலாம். தெருவில் மரம் இல்லாவிட்டாலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் குழப்பங்களுக்கு வீட்டுப் பெண்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில் கட்டுவதற்கும் காப்பீட்டு ஒப்புதல் வருவதற்கும் மணிக்கணக்கில் காத்திருக்கிறோம். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விளக்குவதற்கு ஒதுக்கப்படுவது சில நிமிடங்கள். கையில் தரும் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை மருந்துக்கடைப் பையன்தான் தமிழில் சொல்லிப் புரியவைக்கிறான்.

அவள் படுத்தால்?

ஆண் நோயாளியின் கதையாவது ஓரளவு வசதியானது. அறுவை சிகிச்சை பெண்ணுக்கு என்றால் வீட்டின் கணக்கே குழம்பிப்போகிறது. வயிற்றைத் திறந்து தைத்த இடம் மூன்று மாதம் போனபின்கூடப் பழைய வலுவில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத்தான் எட்டுகிறது. அதனால்தான் ஆறு வாரத்துக்காவது வெயிட் தூக்காதே என்கிறார்கள். நம் ஊர் பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் பதினைந்து கிலோ இருக்கும். ஈரத்துணி நிறைந்த வாளி, கிரைண்டர் கல், இடுப்பில் ஏறத் துடிக்கும் பிள்ளை எல்லாமே வெயிட்தான். லாரித் தண்ணீர் வரும் தெருவில், கருப்பை எடுத்துக்கொண்ட பெண்ணிடம் 'வெயிட் தூக்கக் கூடாதும்மா' என்று சொல்லி அனுப்புகிறோமே, குடத்தைத் தூக்கப்போவது யார் என்று அவள் கணவனைக் கூப்பிட்டுக் கேட்கிறோமா? சீக்கிரமே பாரம் தூக்கியதால் தையல் விட்ட இடத்தில் குடலிறக்கம் வந்தால் மறுபடி ஒரு அறுவை சிகிச்சை. அதற்கும் அதே அறிவுரை.

அறுவை சிகிச்சை என்றே நாம் எண்ணாத அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய சராசரி 21.5 சதவீதம். வயிற்றையும் கருப்பையையும் வெட்டித் தைத்துக்கொண்ட அந்தப் பெண் மறுநாளே எழுந்து உட்கார்ந்து பாலூட்ட வேண்டும், ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழ வேண்டும். வயிற்றுத் தையலோடு வீடு திரும்பும் வேறு யாரிடமும் இன்னொரு உயிரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நாம் ஒப்படைப்பதில்லை. 'சுகப் பிரசவம் இல்லையா, சிசேரியனா?' என்று குறைபோலக் கேட்கிறவர்கள், அவளை அறுவை சிகிச்சையிலிருந்து தேறி வரும் நோயாளியாகப் பார்ப்பதே இல்லை.

தேறுவதற்கு என்று நம் சமூகம் உண்டாக்கிவைத்திருக்கும் ஒரே ஏற்பாடு தாய்வீடு. பிரசவத்துக்குப் பின் சில மாதங்கள் அங்கே போய் இருக்கலாம். பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், சுடுதண்ணீர்க் குளியல், புகுந்த வீட்டு வேலைகளிலிருந்து விடுதலை. யோசித்துப் பார்த்தால் அருமையான ஏற்பாடு. ஆனால் அதுவும் ஐம்பது, அறுபது வயதைத் தொட்ட ஒரு பெண்ணின் முழங்கால்கள் மேல்தான் நிற்கிறது. மகளின் பிரசவம், மருமகளின் ஆபரேஷன், கணவரின் ஸ்டென்ட் என்று அடுத்தடுத்துப் பார்த்தவர், தனக்கு மூட்டு மாற்று சிகிச்சை என்று வரும்போது, 'என்னைப் பார்த்துக்க யாரு இருக்கா?' என்று சிகிச்சையையே தள்ளிப்போடுகிறார். தாய்வீடு தேடிப் போகிற வயதை அவர் தாண்டிவிட்டார்.

இரண்டு கூலி போகிறது

பண விஷயத்தில் நாம் நெடுந்தூரம் வந்திருக்கிறோம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபிறகு, தனியார் மருத்துவமனையின் அறுவை அரங்கு ஏழைக்கு எட்டாத இடமாக இல்லை. இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு தருகிறது. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம், வீடு திரும்பிய 15 நாட்கள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவுகளையும் சேர்த்துக்கொள்கிறது. இஎஸ்ஐயில் இருக்கும் தொழிலாளி நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பேறுகாலப் பலன் விதிகள், கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண் ஊழியருக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்புத் தருகின்றன. போராடிப் பெற்ற, மதிக்க வேண்டிய உரிமைகள் இவை.

இவற்றில் எதிலும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவருக்கு இடமில்லை. கட்டட வேலை பார்க்கும் ஒருவருக்குக் குடலிறக்கச் சிகிச்சை இலவசமாக நடந்துவிடும். ஆனால் அவர் கூலி நின்றுவிடும், துணைக்கு இருக்கும் மனைவியின் கூலியும் நின்றுவிடும். ஒரு வீட்டில் இரண்டு வருமானம் நின்றால் ஓய்வு என்பது அடுத்த வாடகைத் தேதி வரைதான். தையல் முழுதாக ஆறுவதற்குள் அவர் சாந்துச் சட்டியைத் தூக்கப் போவதற்கு அறியாமை காரணமில்லை. காசு இருப்பவர்கள் ஹோம் நர்ஸ் வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வருகிற பெண்ணுக்குப் பல நேரம் முறையான பயிற்சியும் இருக்காது, வேலை நேரத்துக்கு வரம்பும் இருக்காது. குடும்பம் ஏஜென்சிக்குத் தரும் பணத்தில் அவர் கைக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்று கேட்பாரும் இல்லை. அவர் வீட்டில் நோயாளி இருந்தால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை.

நான்காவது ஆள்

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைச் சொல்கிறது: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவர். ஆயுர்வேதத்தின் சரக சம்ஹிதையும் இதே நான்கைத்தான் வைக்கிறது. இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே பக்கத்தில் இருப்பவரை மருத்துவத்துக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரராக நினைக்கவில்லை, மருத்துவத்தின் ஒரு பகுதியாக எண்ணினார்கள். நவீன மருத்துவமனையின் பில்லில் அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், மருந்து, அறை என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி உண்டு. நான்காவது ஆளுக்குக் கிடைப்பது ஒரு அட்டெண்டர் பாஸும் பிளாஸ்டிக் நாற்காலியும்.

இதை மாற்ற முடியும் என்பதற்கு நம் கையிலேயே சான்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறது. முடங்கிக் கிடப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் வலிதணிப்புப் பராமரிப்பும் தருகிறது. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருது இதற்குக் கிடைத்தது. பக்கத்துக் கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் பராமரிப்பைக் கொண்டுபோனது. 2008இல் அந்த மாநில அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்து, உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு வீடு தேடி வரும் செவிலியர், தேறி எழப்போகிறவர்களுக்கும் சில நாட்கள் வரலாமே.

அரசால் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. முதலாவது, காப்பீட்டுத் திட்டத்தில் வரும் ஒவ்வொரு மருத்துவமனையும் டிஸ்சார்ஜுக்கு முன் பராமரிப்பவரை உட்காரவைத்து அரை மணி நேரமாவது சொல்லிக்கொடுக்க வேண்டும். எழுப்புவது, நடக்கவைப்பது, புண்ணைக் கவனிப்பது, எதைக் கண்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்பது எல்லாம் தமிழில், படங்களோடு கையில் தரப்பட வேண்டும். குடும்பத்தாருக்கு இப்படிப் பயிற்சி கொடுக்கும் வேலையை நூரா ஹெல்த் என்ற தொண்டு நிறுவனம் இந்திய மருத்துவமனைகளில் ஏற்கெனவே செய்துவருகிறது. புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. இரண்டாவது, பெரிய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் பெயர் 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் தானாகவே ஏற வேண்டும். முதல் வாரத்தில் ஒரு செவிலியரும், தேவைப்பட்டால் பிசியோதெரபிஸ்டும் வந்து பார்க்க வேண்டும். மூன்றாவது, காப்பீட்டுத் தொகையில் ஒரு சிறு பகுதி, சம்பளம் இழந்து பக்கத்தில் இருப்பவரின் கூலிக்கு ஈடாக அவர் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். நான்காவது, நெருங்கிய உறவினரின் அறுவை சிகிச்சைக்கு ஆணும் பெண்ணும் எடுக்கக்கூடிய பராமரிப்பு விடுப்பு வேண்டும். பெண்ணுக்கு மட்டும் கொடுத்தால் அந்த வேலை அவளுடையது என்று அரசாணையிலேயே எழுதிவைத்தது போலாகும்.

நன்றிக்கு ஒரு நேரம்

வீட்டில் தேறிவரும் நாட்கள் உடலுக்கும் மனசுக்கும் சில சந்தோஷங்களைத் திருப்பித் தருகின்றன. கட்டுப் பிரித்தபின் தலையில் விழும் முதல் சொம்புத் தண்ணீர், வலியில்லாமல் வரும் முதல் தும்மல், நாக்குக்கு மறுபடி தெரியும் மிளகு ரசத்தின் காரம். அலுவலகம் ஓடுகிற காலத்தில் கண்ணில் படாதவை இவை. அப்போது மனசு தானாகவே நன்றி சொல்லக் கிளம்புகிறது. வார்டைக் கூட்டிய அம்மா, ராத்திரி ரவுண்ட்ஸில் போர்வையை இழுத்துவிட்ட இளம் செவிலியர், வீடு வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டோவை ஏறக்குறைய நிறுத்தி நிறுத்தி ஓட்டி வந்தவர் என்று பட்டியல் நீளும். ரத்தம் கொடுத்தவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நெகிழ்ச்சி நல்லதுதான், ஆனால் அது ஆரோக்கியத்தைவிடச் சீக்கிரம் கலைந்துபோகிறது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே 'காபி எங்கே?' என்ற பழைய குரல் வந்துவிடும். ஆகவே நன்றியை உணர்ச்சியாக வைத்துக்கொள்வதைவிட வேலையாக மாற்றிவிடுவது பாதுகாப்பானது. மோட்டாரும் பாலும் குப்பையும் இனி யாருடைய பொறுப்பு என்று பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். நம்மைப் பார்த்துக்கொண்டவர் பல மாதமாகத் தள்ளிப்போடும் ரத்தப் பரிசோதனைக்கும் மூட்டு டாக்டருக்கும் நாமே தேதி வாங்கி, லீவு போட்டுக் கூட்டிப்போகலாம். அடுத்த வீட்டில் ஆபரேஷன் என்றால் ஹார்லிக்ஸோடு போய் உட்கார்வதற்குப் பதில், அன்றைக்குச் சமைத்ததைக் கொண்டுபோய் வாசலில் கொடுத்துவிட்டு, 'பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் நான் விடட்டுமா?' என்று கேட்கலாம். ஆண்கள் கேட்டால் இன்னும் நல்லது.

அரசு தன் பங்கைச் செய்யும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, வீட்டில் இதைச் செய்துவிட்டோம் என்பதற்காக அரசை விட்டுவிடவும் வேண்டியதில்லை. மருத்துவம் நமக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நாட்களின் விலையை இதுவரை ஒரு தரப்பே கட்டி வந்திருக்கிறது. பராமரிப்பில் ஈடுபடும் ஆண்கள் அதற்குக் கொடுக்கும் நேரம் 74 நிமிடம் என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்பு வரும்போது அந்த எண் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தால், நாம் சொன்ன நன்றிகள் எத்தனை நிமிடம் பெறும் என்பது தெரிந்துவிடும்.